ராயப்பனின் குழாய்க்கு எதிராக ஒரு துண்டறிக்கை

ஆனைப்பாலம் காய்கறி மார்க்கெட்டில் ராயப்பனின் பிக்கப் வண்டி பேசத் தொடங்கியது மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்கு முருங்கைக்காய் வரத்து மிக அதிகம் என்பதால் முதல் அரைமணி நேரம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வண்டி மார்க்கெட் மேட்டில் ஏறியபோது சைலன்சரின் வாயிலிருந்து எப்போதும்போலப் புகை வந்தது, புகையோடு 'தோழர்களே' என்று ஒரு குரலும் வந்தது, பிறகு அந்தக் குரல் தராசில் நடக்கும் மோசடியைப் பற்றியும், இறக்குகூலியைப் பற்றியும், முந்நூறு பெண்கள் சுமை தூக்கும் இடத்தில் ஒரு கழிப்பறை இல்லாததைப் பற்றியும் ஏற்றமும் இறக்கமுமாகப் பேசிக்கொண்டே போனது, கியர் மாறும் இடத்தில் மூச்சு வாங்கியது, இறக்கத்தில் தணிந்தது, வண்டியை அணைத்தபோது தானும் நின்றது.

தலைச்சுமை தூக்கும் வெள்ளத்தாய்தான் முதலில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றிக் கேட்டவள். "பேச்சு நல்லாத்தான இருக்கு" என்று சொன்னாள். பிறகு சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த மூட்டைக்குப் போனாள்.

ஒரு வாரத்திற்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. ராயப்பன் வண்டி நின்றபடி உறுமினால் கோரிக்கைகள் வரிசையாக வரும் என்பதும், மூன்றாவது கியரில் விலைவாசி வரும் என்பதும், பின்னால் எடுத்தால் பழைய வேலைநிறுத்தங்களின் வரலாறு வரும் என்பதும் எல்லோருக்கும் மனப்பாடம் ஆனது. டீக்கடைக்காரர் அந்த வண்டி கடந்துபோகும்வரை பாய்லரைத் தட்டாமல் இருந்தார். தக்காளி மண்டி முதலாளி, வண்டி தன் கடை வாசலில்தான் எப்போதும் திரும்புகிறது என்பதைக் கவனித்துவிட்டு, யாரும் கேட்காமலே தராசுக்கு முத்திரை போட்டுக்கொண்டு வந்தார். சத்தத்தை அளக்கும் கருவியோடு ஒரு அதிகாரி வந்தார், குழாய்க்குப் பக்கத்தில் கருவியைப் பிடித்தார், முள் அசையவே இல்லை, முழுப் பேச்சையும் நின்று கேட்டுவிட்டு 'சத்தம் இல்லை, கருத்து மட்டும் வருகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார். மூன்றாவது வாரம் கழிப்பறைக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். பங்குனி முடிவதற்குள் கதவு மாட்டிவிட்டார்கள், உள்பக்கம் தாழ்ப்பாளோடு.

அந்தத் தாழ்ப்பாள்தான் தவசிலிங்கத்தின் நெஞ்சில் குத்தியது.

தோழர் தவசிலிங்கத்திற்கு வயது அறுபத்து நான்கு. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோக, மீதிப் படிப்பையெல்லாம் டீக்கடை பெஞ்சில் கிடந்த துண்டறிக்கைகளில் படித்தவர். ஆனைப்பாலம் சரக்கு வாகன ஓட்டுநர் மற்றும் சுமைப்பணித் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர், அதற்காக ஏழு முறை சிறைக்குப் போனவர், அந்த ஏழு முறையையும் பேச்சின் நடுவே சொல்லாமல் மேடையிலிருந்து இறங்காதவர். இருபத்தாறு வருடங்களாக அவர் கேட்ட கழிப்பறை அது. அவர் கேட்டபோது மனு வாங்கிக்கொண்டார்கள், லத்தியால் அடித்தார்கள், ஒருமுறை பொன்னாடைகூடப் போர்த்தினார்கள், கழிப்பறை மட்டும் கட்டவில்லை. இப்போது ஒரு புகைக்குழாய் கேட்டதும் கட்டிவிட்டார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அவர் பேசினால் உப்புத்தாளை மரத்தில் தேய்ப்பதுபோல ஒரு கரகரப்பு வரும், இரண்டடி தள்ளி நிற்பவருக்கு அதுவும் கேட்காது. அதே மாதத்தில் சங்கத்து இளைஞர்கள் பெட்டி ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்தார்கள். பழைய புனல் ஸ்பீக்கரை என்ன செய்வது என்று கேட்டபோது, "எனக்கே வேலையில்லை, அதுக்கென்ன" என்று கோபத்தில் அதைத் தானே சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தவரும் அவர்தான்.

ராயப்பனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் தவசிலிங்கத்திற்கு இன்னும் வலித்தது. இருபத்தாறு வருடங்களில் எந்த மேடையிலும் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜமுக்காளம் விரிப்பான், கொடி கட்டுவான், வேப்பமரத்தில் ஏறிப் புனல் ஸ்பீக்கரைக் கூட்டத்தைப் பார்க்கத் திருப்பிக் கட்டுவான், பிறகு மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வயரைப் பார்த்துக்கொண்டிருப்பான். தொண்டை போனது தனக்கு, பேச்சு வந்தது அவனுக்கு, அதுவும் அவன் வாய்க்குக்கூட இல்லை, வண்டிக்கு.

சித்திரை பிறந்ததும் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடியது. மே தின ஊர்வலத்தில் முதல் வண்டியாக எது போவது என்று பேச்சு வந்தது. இருபத்தாறு வருடங்களாகத் தவசிலிங்கத்தின் வண்டிதான் முதலில் போகும், ஸ்பீக்கர் பின்பக்கம் ஜனத்தைப் பார்த்திருக்கும், தொண்டை போகும்வரை அவர் முன்னால் நின்று கோஷத்தின் முதல் பாதியைப் போடுவார், பின்னால் வருகிறவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். இந்த வருடம் ராயப்பன் வண்டி போகட்டும் என்று பதினோரு கைகள் உயர்ந்தன.

"எனக்கெதுக்குங்க முன்னாடி" என்று ராயப்பன் எழுந்து துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னான். "தோழரு வண்டியே போகட்டும். நான் வழக்கம்போல கடைசில வாரேன்."

அவன் சண்டை போட்டிருந்தால் தவசிலிங்கம் அன்றிரவு நன்றாகத் தூங்கியிருப்பார். விட்டுக்கொடுத்துவிட்டான். "முடிவு மே தினத்துக்கு முந்துன நாள் எடுக்கலாம்" என்று கரகரத்துவிட்டு எழுந்தார். பதினைந்து நாள் இருந்தது. அதற்குள் அவனுடைய குழாயைத் தோற்கடிக்கும் குழாய் ஒன்றைத் தன் வண்டிக்குப் பொருத்திவிடுவது என்று முடிவு செய்தார்.

ஆனைப்பாலத்தில் சைலன்சர் என்றால் சம்சுக்கனியின் பட்டறைதான். அவள் தகடு வளைப்பதையும் வெல்டிங் வைப்பதையும் தானே செய்வாள், முக்காட்டுக்கு மேல் வெல்டிங் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு பேசுவாள். பட்டறைச் சுவரில் குழாய்கள் வரிசையாகத் தொங்கின.

"வண்டியில வந்த சைலன்சர் நல்லாத்தான இருக்கு தோழர், எதுக்கு மாத்துறீங்க?"

"எனக்குப் பேசுற சைலன்சர் வேணும்."

"பேசுறது என் கையில இல்ல. இழுவை வேணுமா, சத்தம் வேணுமா, பார்வைக்கு வேணுமா, அதச் சொல்லுங்க."

"ராயப்பனுக்கு என்ன வச்சுக் குடுத்த?"

சம்சுக்கனி அவரை ஒரு கணம் பார்த்தாள். "அவருக்கு ரெண்டு இன்ச் பைப், உள்ள ஓட்டை போட்ட ஜாலித் தகடு, அதைச் சுத்திக் கண்ணாடிப் பஞ்சு. எல்லாருக்கும் வைக்கிறதுதான்" என்றாள். பிறகு அவசரமாகக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

முதலில் அவர் தேர்ந்தெடுத்தது இரட்டைக் குழாய். பளபளக்கும் எஃகு, ஒரு வாய்க்கு இரண்டு வாய். ராயப்பன் குழாய் ஒரு பேச்சுப் பேசினால் தன் குழாய் இரண்டு பேசும் என்று கணக்குப் போட்டார். மறுநாள் மார்க்கெட் மேட்டில் ஏறினால், இரண்டு வாயும் சேர்ந்து கொட்டாவி விடுவதுபோல நீளமாக ஒரு ஓசை எழுப்பின, இழுவை போய் வண்டி பாதி மேட்டில் நின்றது. பின்னால் வந்த ராயப்பன் இறங்கி, கல்லெடுத்து அவர் டயருக்கு அடியில் வைத்தான். அவனுடைய வண்டி உறுமியபடி எட்டு மணிநேர வேலையைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தது.

இரண்டாவதாக அவர் கேட்டது ஜாலியும் பஞ்சும் இல்லாத நேர்குழாய். "உள்ள எந்தத் தடுப்பும் இருக்கக்கூடாது. உண்மையைத் தடுக்கிறதே இந்தத் தடுப்புதான்" என்றார். சம்சுக்கனி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துக் கொடுத்தாள். அந்தக் குழாய் வெடி வெடிப்பதுபோல வெடித்தது. மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் கோழிகள் நான்கு நாள் முட்டையிடவில்லை. சத்தம் அளக்கும் அதிகாரி திரும்பி வந்தார், முள் கடைசிவரை போய் அங்கேயே மாட்டிக்கொண்டது. 'கருத்து இல்லை, சத்தம் மட்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று நாளில் கழற்ற வேண்டும் என்றும் எழுதினார்.

மூன்றாவது, லாரிகளுக்கு வைப்பதுபோலக் கேபினுக்குப் பின்னால் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் குழாய். தலைவன் மேடையில் நிற்பதுபோல அது நின்றது. புகை மேலே போய், காற்றில் திரும்பி, அவர் ஏற்றியிருந்த காலிஃபிளவர் முழுவதிலும் கரியாக இறங்கியது. "என்ன தோழர், கத்திரிக்காயா கொண்டாந்திருக்கீங்க?" என்று வெள்ளத்தாய் கேட்டாள். மார்க்கெட்டே சிரித்தது. அந்த நேரம் பார்த்து ராயப்பன் வண்டி வந்து திரும்ப, சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரிப்பை நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குரலைக் கேட்க நின்றார்கள். ஒருகாலத்தில் தன்னைக் கேட்க இப்படித்தான் நின்றார்கள் என்பது தவசிலிங்கத்திற்கு நன்றாக நினைவிருந்தது. தாழ்ப்பாளைவிட அது ஆழமாகப் போனது.

அன்றைக்குப் பகலிலேயே உட்கார்ந்து துண்டறிக்கை எழுதினார். தனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் அது. 'புகையில் வரும் புரட்சி யாருக்கு?' என்று தலைப்பிட்டு, பழைய அச்சகத்தில் இளஞ்சிவப்புத் தாளில் ஐந்நூறு அடித்து, கடை கடையாகத் தானே கொடுத்தார். அதில் அவர் எழுதியிருந்தது இது:

'தொழிலாளத் தோழர்களே, சமீப காலமாக நமது மார்க்கெட்டில் ஒலிக்கும் அநாமதேயக் குரலைப் பற்றிச் சிந்திப்பீர். இந்தக் குரல் எந்தச் சிறைக்குப் போனது? எந்த லத்தியைத் தாங்கியது? தன் பேச்சைத் தானே ரசித்து நீட்டி முழக்கும் இந்தக் குரலில் தலைக்கனம் ஒலிக்கவில்லையா? பேச்சின் நடுவே, "ராயப்பா, வயரைப் பாருடா" என்று, தன்னைச் சுமந்து செல்லும் தொழிலாளியையே "டா" போட்டு விரட்டும் குரல் ஒரு தொழிலாளியின் குரலாக இருக்க முடியுமா? அது முதலாளியின் குரல். அதன் முகமூடியைக் கிழிப்போம்.'

எல்லோரும் படித்தார்கள். வாதாடவோ திட்டவோ கிழித்துப் போடவோ ஒருவரும் முன்வரவில்லை. டீக்கடைக்காரர் படித்துவிட்டு மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தார், தவசிலிங்கத்திற்கு டீ போடும்போது முகத்தைப் பார்க்கவில்லை. தக்காளி மண்டி முதலாளி படித்துவிட்டு, எதிரி என்றாலும் பாவம் என்பதுபோல ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்த வெள்ளத்தாய், "நீங்க இதை எழுதியிருக்க வேணாம் தோழர்" என்று மட்டும் சொன்னாள். ராயப்பன் துண்டறிக்கையை வண்டியின் முன்கண்ணாடிக்குள், மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டான், அவர் எழுதிய எல்லாத் துண்டறிக்கைகளையும் அவன் எப்போதும் அங்கேதான் வைப்பான்.

தவசிலிங்கத்திற்குப் புரியவில்லை. எதிர்ப்பு அவருக்குத் தெரியும், ஆதரவு தெரியும், இந்தக் கூச்சம் தெரியாது. மேல்குழாயைக் கழற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

"உன்கிட்ட இருக்கிறதுலயே பெருசா ஒண்ணு குடு" என்றார். "இந்த ஊர் அந்தப் போலிக் குரலை மறக்கணும்."

சம்சுக்கனி வெல்டிங் கம்பியைக் கீழே வைத்தாள்.

"தோழர், நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாது?"

"அது உங்க குரலு."

தவசிலிங்கம் குழாயைப் பிடித்தபடியே நின்றார்.

"ராயப்பன் அண்ணே சைலன்சர் மாத்த வந்தப்போ வாய்ப்பக்கம் வைக்க ஒரு புனல் கொண்டாந்தாரு. பழைய இரும்புக் கடையில கிடந்துச்சாம். நம்ம சங்கத்துப் புனலு, செவப்புப் பெயின்ட் அடிச்சது. சூடு அதிகம் படாத கடைசி நுனியில பத்த வச்சேன். இருபத்தாறு வருசம் நீங்க அதுக்குள்ள பேசினது வெளிய வருது, அவ்வளவுதான். ஊருக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்னுதான் எல்லாரும் நெனச்சோம். தன் மேலேயே பொறாமைப்படுறாரே மனுசன், எப்படிப் போய்ச் சொல்லுறதுன்னு கூச்சமாப் போச்சு."

"என் குரல் எனக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டார்.

"எப்படித் தெரியும்? நீங்க எப்பவும் புனலுக்குப் பின்னாடி நின்னவரு. அது எங்களப் பாத்துல்ல இருந்துச்சு."

பொறாமை அந்த இடத்தில் தணிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்களுக்குத் தவசிலிங்கத்தைத் தெரியாது என்று அர்த்தம். அது இன்னும் கொழுந்துவிட்டது. அவ்வளவு நாளும் வேறொருவனின் குரல் என்று நினைத்துப் பொறாமைப்பட்டவர், இப்போது நாற்பது வயதில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற அந்த மனிதன் மேல் பொறாமைப்பட்டார், அவனுடைய தொண்டை மேல், அவனுடைய மூச்சின் மேல். அவனைக் கேட்ட எல்லோர் மேலும் பொறாமைப்பட்டார், தான் மட்டும் அந்தக் காலத்தில் ஒருநாளும் அவனைக் கேட்டதில்லையே என்று. நேராக மார்க்கெட்டுக்கு நடந்தார். ராயப்பன் வெங்காய மூட்டைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"அது என் பொருள்" என்று கரகரத்தார். "கழட்டிக் குடு."

"சரிங்க தோழர்" என்றான் ராயப்பன். கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, நட்டுகளைக் கழற்றி, சூடு ஆறட்டும் என்று ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தான். அன்றைக்கு முழுவதும் குழாய் இல்லாத அவன் வண்டி சும்மா கடகடத்துக்கொண்டு போனது.

மறுநாள், மே தினத்துக்கு முந்தைய நாள், தவசிலிங்கம் அந்தக் குழாயைத் தன் வண்டியில் பொருத்திக்கொண்டு மார்க்கெட் மேட்டில் ஏறினார். இரண்டு பக்கமும் ஆட்கள் கூடி நின்றார்கள். நிர்வாகக் குழுவின் பதினோரு பேரும் நின்றார்கள். வண்டி உறுமியது, புகை வந்தது, புகையோடு குரலும் வந்தது.

"ராயப்பா" என்றது.

அவர் கியரை மாற்றினார். "ராயப்பா, வயரைப் பாருடா" என்றது. மூன்றாவது கியருக்குப் போனார், விலைவாசி வரவில்லை, "ராயப்பா" வந்தது. பின்னால் எடுத்துப் பார்த்தார், வரலாறு வரவில்லை, "எங்கடா போன ராயப்பா" என்று வந்தது. நிறுத்தி உறுமவிட்டார், கோரிக்கைகளின் இடத்தில், வயர் அறுந்த மேடையில் தனியாக நிற்கிறவன் கூப்பிடுவதுபோல, ராயப்பா, ராயப்பா, ராயப்பா என்று மார்க்கெட் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. வெங்காய மண்டியிலிருந்து ராயப்பன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான், இருபத்தாறு வருடங்களாக ஓடிவந்ததைப்போலவே, குனிந்து புனலைத் தொட்டுப் பார்த்தான், ஒரு நட்டை இறுக்கினான். "ஒண்ணுமில்லீங்க, லேசா ஆட்டம் குடுத்திருக்கு" என்றான்.

தவசிலிங்கம் இறங்கினார். வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் வந்து நின்று, அந்த வாயைப் பார்த்தார். சிவப்புப் பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தது.

"நான் உன்னை இப்படித்தான் கூப்பிடுவேனா?"

"ஆமாங்க."

"எப்பவுமே?"

"பேச்சு சூடாகிப் போச்சுன்னா அடிக்கடி கூப்புடுவீங்க." ராயப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். "நீங்க பேச்சை நிறுத்தினதுல இருந்து யாரும் கூப்பிடல. அதான் இரும்புக் கடையில அதைப் பாத்ததும் எடுத்துட்டு வந்தேன்."

"கழட்டி உன் வண்டியிலயே மாட்டு" என்று தவசிலிங்கம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மே தினத்தன்று ராயப்பனின் வண்டி முதலில் போனது. தவசிலிங்கம் தன் வண்டியைக் கொண்டுவரவில்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறிவிட்டு, வண்டிக்குப் பின்னால், புகைக்குள், சுமைதூக்கும் பெண்களின் வரிசையில் வெள்ளத்தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றார். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

வண்டி கிளம்பியது. குரல் எழுந்து அவர் முகத்தில் மோதியது. அவர் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது அது, நினைத்ததைவிட இளமையாக, இடையிடையே தேவையில்லாமல் நீளமாக. இந்த இடத்தில் மூச்சு விட்டிருக்க வேண்டும் என்று குறை கண்டுபிடித்தார். இதுவரை மார்க்கெட்டில் சொல்லாத ஏழு சிறையையும் அன்று சொன்னபோது இரண்டு பெண்கள் 'மறுபடியுமா' என்பதுபோலக் கண்ணைச் சுழற்றியதைப் பார்த்தார். "ராயப்பா, வயரைப் பாருடா" என்று வந்தபோது, ஓட்டுநர் ஜன்னலிலிருந்து ராயப்பனின் வலது கை வெளியே நீண்டு, பார்த்துவிட்டேன் என்பதுபோல ஒருமுறை விரிந்து உள்ளே போனதையும் பார்த்தார். மேடையில் நின்ற காலத்திலும் அந்தக் கை இப்படித்தான் விரிந்திருக்கும், அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

பிறகு குரல் கோஷத்தின் முதல் பாதியைப் போட்டது.

"எட்டு மணி நேரம்..."

போட்டுவிட்டு நின்றது. ஊர்வலம் மொத்தமும் மூச்சை இழுத்தது. அந்த இடைவெளியில் தவசிலிங்கத்திற்கு வியர்த்துவிட்டது, ஏனென்றால் மறுபாதியை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"வேலை நேரம்" என்றார், எல்லோரோடும், உப்புத்தாள் தேய்வதுபோல. பக்கத்தில் வெள்ளத்தாயின் குரல் கணீரென்று, தன்னுடையதைப் போல இருபது மடங்கு பெரிதாக எழுந்ததைக் கேட்டார். ஓரக்கண்ணால் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த கோஷத்துக்கு இப்போதே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வைத்துக்கொண்டார்.